குடும்பக் குரூப்பில் போட்ட சாவி

இஃப்திகார் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு பதில் வரும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார்கள் சிலர். பாண்டிச்சேரிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறான் என்பார்கள் சிலர். எதிர்வீட்டுப் பூவாயி அம்மா கரண்டு பில்லை எடுத்துக்கொண்டு படியேறி வந்து, "இதக் கொஞ்சம் கட்டிக் குடு தம்பி, நீதான நெட்டு ஆபீஸு" என்று நிற்பார். அவனும் கட்டிக் கொடுப்பான். அவரிடம் விளக்கம் சொல்லி யார் ஜெயிப்பது?

அவன் சாவி வைத்துக் காக்கிறவன். அதுதான் வேலை. எங்கோ பம்பாயில் ஒரு பெரிய கட்டிடத்துக்குள் வாடகைக்கு ஓடுகிற கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றைக் கம்பெனிக்காரன் ஒருத்தனும் கண்ணால் பார்த்ததில்லை. விருத்தாசலத்து மாடி ரூமில் உட்கார்ந்துகொண்டே அதற்குள் போகலாம், வரலாம், எதையும் மாற்றலாம். அதற்குச் சாவி வேண்டும். சாவி என்றால் இரும்பு இல்லை, ஒரு சின்ன ஃபைல். திறந்து பார்த்தால் கோழி கிளறிப் போட்ட மாதிரி எழுத்து. அதற்கு ஜோடியாக ஒரு பூட்டும் உண்டு. பூட்டை அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வரியாக ஒட்டி வைப்பார்கள். அதை ஊரே பார்த்தாலும் கவலையில்லை. சாவி மட்டும் வைத்திருப்பவனின் லேப்டாப்பை விட்டு அசையக் கூடாது. ஏனென்றால் அந்த மிஷினுக்கு முகம் தெரியாது, குரல் தெரியாது. சாவியை எவன் நீட்டினாலும் அதற்கு அவன்தான் இஃப்திகார்.

உள்ளே இருந்தது என்ன? ரத்தம். பெண்ணாடம், ஸ்ரீமுஷ்ணம், பண்ருட்டி என்று சுத்துப்பட்டில் இருக்கிற சின்னச் சின்ன லேப்புகளில் ஜனங்கள் குத்திக் கொடுத்துவிட்டுப் போகிற ரத்தத்தின் கணக்கெல்லாம் அதில்தான். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காமாலை, எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள், வெளியே சொல்ல முடியாத நோய் எவனுக்கு, எல்லாம் பேரோடு, போன் நம்பரோடு.

இந்த வேலைக்கு முன்னால் அவன் தோஹாவில் இருந்தான். கேபிள் இழுக்கிற ஆளாகப் போய், அங்கிருந்த என்ஜினியர்களிடம் திட்டு வாங்கி வாங்கியே தொழில் கற்றவன். மகள் உமைரா பிறந்தபோது அங்கே. அவள் நடந்தபோதும் அங்கே. லீவில் வந்து வாசலில் நின்றவனைப் பார்த்துப் பிள்ளை அலறிக்கொண்டு உள்ளே ஓடியது. அம்மாவின் போனை எடுத்துவந்து, "அத்தாவ கூப்டு, அத்தாவ கூப்டு" என்று அழுதது. அத்தா எதிரே பெட்டியோடு நிற்கிறான். அதற்கப்புறமும் ஒரு தடவை போனான். அடுத்த தடவைக்கு மனசு வரவில்லை.

பாண்டிச்சேரிக் கம்பெனியில் மேலாளர் நந்தகுமார் அவனைச் சேர்த்துக்கொண்டபோது ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "வூட்லேருந்தே செய்யுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா சாவி வெளிய போச்சுன்னா நீங்களும் வெளிய. அப்ப வந்து எங்கிட்ட அழக் கூடாது." விருத்தாசலத்தில் இந்த வேலை கொடுக்க இன்னொரு கம்பெனி கிடையாது. இது போனால் மறுபடி விமானம்தான். அவனுக்கும் தெரியும், பெஞ்சாதி ஆரிஃபாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. காலை டீ ஆறிக்கொண்டிருந்தது. பின்பக்கத்து பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டைகளை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிற சத்தம். இஃப்திகார் வழக்கம்போல முதல் மிஷினுக்குள் போனான். போனதும் ஒரு வார்த்தை தட்டுவான். உள்ளே இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று அது காட்டும். எப்போதும் அவன் ஒருத்தன் பேர்தான் வரும்.

அவன் பேர் வந்தது. அதற்குக் கீழே மறுபடியும் அவன் பேர் வந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. நேற்று மூடாமல் விட்ட சன்னலாக இருக்கும் என்று நினைத்தான். லேப்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி தட்டினான். ரெண்டு பேர். ரெண்டும் இஃப்திகார். ஒன்று எங்கிருந்து வருகிறது என்பதற்கு நேராக அவன் வீட்டு நெட்டின் இன்றைய எண் இருந்தது. இன்னொன்றுக்கு நேராக அவன் பார்த்தே இராத எண்.

உள்ளே இருக்கிறவனும் இதே வார்த்தையைத் தட்டினால் இதே ரெண்டு பேரைத்தானே பார்ப்பான்? பார்த்துக்கொண்டே இருக்கிறானோ? இஃப்திகார் தன்னையறியாமல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான், என்னமோ அந்த ஆள் திரைக்கு அந்தப் பக்கம் முகத்தை ஒட்டி வைத்திருக்கிற மாதிரி.

அந்த எண் எந்த ஊர் என்று தேடினான். தோஹா என்று வந்தது.

அவன் விட்டுவிட்டு வந்த ஊரில், அவன் பேரில், ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

சாவி எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்க நேரம் ஆகவில்லை. தெரிந்துபோனது. தெரிந்ததும் காது ரெண்டும் சூடாகிவிட்டது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. அரபு நாட்டுக்கு ஆள் அனுப்புகிற வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. முக்கியமான காகிதம் எதுவானாலும் குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும். பாஸ்போர்ட், விசா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட்டு, வீட்டுப் பத்திரம், டாக்டர் எழுதிய சீட்டு, எல்லாம். ஏர்போர்ட்டில் நிற்கிறவனுக்குக் காகிதம் ஒன்று தேவைப்பட்டால் வீட்டுக்குப் போன் போட்டு, பீரோவைத் திறக்கச் சொல்லி, அது கிடைத்து வருவதற்குள் விமானம் போய்விடும். குரூப்பில் இருந்தால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பெரியத்தா மவுத்தான போது அடக்கத்துக்கு வேண்டிய கார்டைக்கூட அங்கிருந்துதான் எடுத்தார்கள். அந்தக் குரூப்பு அவர்களுக்கு இரும்புப் பெட்டி.

சில மாசத்துக்கு முன்னால் லேப்டாப்பின் திரை போய்விட்டது. மெட்ராசுக்கு ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும், சாவி காணாமல் போய்விடக் கூடாது. கம்பெனி விதிப்படி பழைய சாவியை அழித்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அதற்குச் சோம்பல். கை தானாகப் போனை எடுத்தது. முக்கியமான பொருள், பத்திரமாக இருக்க வேண்டும், எங்கே போடுவது? குரூப்பில் போட்டான். சாவி ஃபைலையும் போட்டான், எந்தச் சாவி எந்த மிஷினுக்கு என்று குறித்திருந்த சின்ன ஃபைலையும் போட்டான். சாவிக்கு ரகசியச் சொல் ஒன்று வைக்கலாம், அதையும் வைக்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாமி மட்டும் மாஷா அல்லாஹ் என்று போட்டிருந்தார்.

லேப்டாப் திரும்பி வந்ததும் எடுத்துக்கொண்டான். குரூப்பில் போட்டதை அழிக்க மறந்துபோனான்.

"என்னங்க, டீய குடிக்காம வெச்சிருக்கீங்க?" ஆரிஃபா வாசலில் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "என்னாச்சு?"

"மிஷினுக்குள்ள ஒரு ஆளு இருக்கான். என் சாவிய வெச்சு வந்துட்டான். தோஹாலேருந்து."

"தோஹாவுல நம்ம ஆளுங்கதான இருக்காங்க?"

"அதான்."

ஆரிஃபா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது, ஆனாலும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரயீஸ் அண்ணன் கம்ப்யூட்டர்ல என்னமோ பெரிய படிப்பு படிக்கிறாராம். நாஜியா சொன்னா. உங்கள மாதிரியே வேல வாங்கப் போறாராம்."

ரயீஸ் இஃப்திகாரின் தங்கச்சி நாஜியாவைக் கட்டியவன். தோஹாவில் ஒரு குடோனில் மூட்டை எண்ணுகிறான். இஃப்திகார் போனை எடுத்தான். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. ரயீஸ் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்! என்னா அதிசயம், காலங்காத்தால. பிரியாணிக்குக் கூப்புடுறீங்களா?"

"வஅலைக்கும் சலாம். மாப்ள, இப்ப என்னா பண்ணிக்கிட்டு இருக்க?"

"ரூம்புல எல்லாவனும் கொறட்ட வுடறானுங்க. நான் படிச்சிட்டு இருக்கேன்."

"என்னா படிக்கிற?"

"உங்க வேலையத்தான்." சிரித்தான். "பாத்துட்டீங்களா? நானே காட்டலாம்னு இருந்தேன். நல்லா உள்ள போயி வரேன் மச்சான் இப்பல்லாம். தட்டுனா தொறக்குது."

இஃப்திகாருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. திருடன் இல்லை, ரயீஸ். அந்த நிம்மதியிலேயே கத்தினான். "எவன்டா உன்ன எடுக்கச் சொன்னது? எங்கேருந்து எடுத்த?"

"நம்ம குரூப்புலதான் கெடந்துது. நாஜியா பாஸ்போட்டுக்கும் மாமியோட ஸ்கேனுக்கும் நடுவுல. நீங்கதான போட்டீங்க?"

"போட்டா எடுத்துக்குவியா?"

"குரூப்புல போட்டது எல்லாருக்கும்தான மச்சான்? என் விசா காப்பிய நீங்க எடுத்து டிக்கெட்டு போடலயா? ஏன் எடுத்தீங்கன்னு நான் கேட்டனா?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டனே! கத்துக் குடுங்க, கத்துக் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன். அப்பறம் பாக்கலாம் மாப்ள, அப்பறம் பாக்கலாம். உங்க அப்பறம் எந்த வருசத்துல வருதுன்னு சொல்லிட்டுப் போங்க."

இஃப்திகார் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். புதுசாக ஒரு ஜோடி செய்தான். பூட்டு வரிகள் இருக்கிற ஃபைலைத் திறந்து தன் பழைய பூட்டை அழித்தான், புதுசை ஒட்டினான், சேமித்தான். ரயீஸ் இருந்த இணைப்பை அறுத்தான்.

"ஏ மச்சான், என்னைய வெளிய தள்ளிருச்சு!"

"நாந்தான் தள்ளுனேன்."

"அட ஈவு எரக்கம் இல்லாத மனுசா." ரயீஸ் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "சரி பரவால்ல. சாரு கிட்ட சொன்னா மறுபடி சேத்துக்குவாரு. அவருக்கும் வழி இருக்குதுல்ல."

இஃப்திகாரின் கை நின்றது. "எந்த சாரு?"

"கிளாஸ் எடுக்கற சாரு. நெட்டுலதான். நெஜ மிஷினு வெச்சிருந்தா நெஜ பாடம் நடத்துறேன்னாரு. இருக்குதுன்னேன். ஒரு வரி அனுப்புனாரு, அந்த ஃபைலு கடைசில ஒட்டச் சொன்னாரு, ஒட்டுனேன்."

"அவரு பேரு என்ன?"

"அட்மின்னு போட்டிருக்கும்."

"மூஞ்சி பாத்திருக்கியா?"

"பாடம்தான் மச்சான் திரையில ஓடும். மூஞ்சி எதுக்கு?"

ஆரிஃபா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஃபைலை மறுபடி திறந்து அடிக்குப் போனான். இருந்தது. அவன் ஒட்டாத ஒரு வரி, கடைசியில். அவசரத்தில் மேலே மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறான். அழிப்பதற்காகக் கர்சரை அந்த வரியின் மேல் கொண்டுபோய் வைத்தான்.

ஃபேன் நின்றது.

மாசத்துக்கு ஒரு நாள் லைன் வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டை நிறுத்துவார்கள். பேப்பரில் போட்டிருப்பார்கள், பூவாயி அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். இஃப்திகார் பார்க்கவில்லை. மூலையில் நெட்டுப் பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன, ரயீஸின் பேச்சும் அறுந்தது. திரையில் அந்த வரி அப்படியே நின்றது. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை. பின்பக்கத்துக் கம்பெனியில் ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள், சுவர் அதிர்ந்தது.

போன் நெட்டைக் கொடுத்துப் புதுச் சாவியோடு மறுபடி உள்ளே போகப் பார்த்தான். அனுமதி இல்லை என்றது. இன்னொரு தடவை. அனுமதி இல்லை. பழைய சாவியைக் கொடுத்தான். அனுமதி இல்லை. அதன் பூட்டைத்தான் அவனே அழித்துவிட்டானே.

கத்துகிற அவசரத்தில் ஒட்டிய புது வரி நடுவில் உடைந்து ரெண்டு வரியாக விழுந்திருக்க வேண்டும். அது இப்போது எந்தச் சாவிக்கும் திறக்காது. புதுச் சாவியில் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் பழைய பூட்டில் கை வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. தோஹாவில் அதற்காக அடிக்காத குறையாகத் திட்டியிருக்கிறார்கள்.

ஆக, இஃப்திகார் வெளியே. முகமே தெரியாத ஒருத்தனுக்கு மட்டும் வாசல் திறந்து கிடக்கிறது.

அந்த வாசலைக் குறிப்பிட்ட நெட் எண்களுக்கு மட்டும் என்று முன்பே அடைத்து வைத்திருக்கலாம். ஆனால் இவன் வீட்டு நெட்டின் எண் தினம் மாறும். அதனால் உலகத்துக்கே திறந்து வைக்கச் சொன்னது யார்? இவன்தான்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வேர்வை கண்ணில் இறங்கியது. மிஷின் தானாகக் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். கரண்டு போச்சு, என்ன நடந்ததென்றே தெரியவில்லை என்று சொல்லலாம். பொய்கூட இல்லை, பாதி உண்மை. கம்பெனிக்காரர்கள் புது மிஷின் எடுத்துப் பழையதை மூடிவிடுவார்கள், யார் தோண்டப்போகிறார்கள்? ஆனால் அது நடக்கிறவரைக்கும் அந்த ஆள் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பேராகப் புரட்டிக்கொண்டிருப்பான்.

"சொன்னா என்னாகும்?" என்றாள் ஆரிஃபா.

"வேல போயிரும்."

அதற்கப்புறம் என்ன என்று அவள் கேட்கவில்லை. அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"போன மாசம் எனக்கு ரத்தம் எடுத்தாங்களே. அதுவும் இதுலதான இருக்கும்?"

அவன் தலையை ஆட்டினான்.

"எனக்கு என்னான்னு நாஜியாகிட்ட கூட நான் சொல்லல. எங்க அம்மாகிட்ட சொல்லல." குரல் உடைந்தது. "எவனோ ஒருத்தன் அத உக்காந்து படிப்பானா?"

இஃப்திகார் போனை எடுத்து நந்தகுமாருக்குப் போட்டான். மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும், எடுக்க மாட்டார், எடுக்க மாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை ஓடியது. எடுத்துவிட்டார்.

"சார், என் சாவி வெளிய போயிடுச்சு."

"சொல்லுங்க."

சொன்னான். குரூப்பு, ரயீஸ், வாத்தியார், உடைந்த வரி. முடித்ததும் நந்தகுமார் கேட்டார். "அந்தக் குரூப்புல யாரு யாரு இருக்காங்க?"

"எல்லாம் குடும்பம்தான் சார். சித்தப்பா புள்ளைங்க, மாமா வூடு, பரக்கத்துல்லா அண்ணன், அவரு ரூம்புல இருக்கறவங்க, டிக்கெட்டு போடற ஆளு..."

"டிக்கெட்டு போடற ஆளா?"

"விசா காப்பி அவருக்கும் வேணும்ல சார்."

"நல்ல குடும்பம்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "மொத்த மிஷினையும் கம்பெனிக் கணக்குலேருந்து நான் அணைக்கறேன். லேப்பெல்லாம் நிக்கும். நிக்கட்டும். நீங்க லேப்டாப்ப மூடி வைங்க, எதையும் தொடாதீங்க, எதையும் அழிக்காதீங்க. குரூப்புல இருக்கறதையும்தான். அழிச்சா நீங்க மறைச்சதா ஆயிடும். நான் கூப்புடறேன்."

"சார், என் வேல..."

வைத்துவிட்டார்.

இஃப்திகார் குளித்து வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனான். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பள்ளிவாசலில் முன்வரிசையில் அரபு நாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் திரும்பிச் சலாம் சொல்லி, "என்னா இஃப்தி, வூட்லயே சம்பாதிக்கிற, குடுத்து வெச்சவன்யா நீ" என்றார். தான் சிரித்ததாகத்தான் இவன் நினைத்துக்கொண்டான். சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. குத்பா பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஊரில் ஒவ்வொரு லேப் வாசலிலும் ஜனங்கள் ரிப்போர்ட்டுக்கு நிற்பது கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டைப் பையில் போன் நடுங்கியது. ஸஜ்தாவில் நெற்றியை வைத்திருக்கும்போதும் நடுங்கியது. தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டே எடுத்துப் பார்த்தான். நாஜியா.

"அண்ணே." அழுதுகொண்டிருந்தாள். "அவரு கிளாஸு குரூப்பு காணாம போச்சாம். அந்த சாரு நம்பரும் இல்லியாம். அவரு கையி காலு நடுங்குதுங்கறாரு. அவரு மேல கேஸு வருமாண்ணே? அந்த ஊர்ல புடிச்சா வுடவே மாட்டாங்களாமே?"

"எனக்குத் தெரியாது நாஜியா."

"அவரு பேர நீங்க சொல்லலதான? சொல்லலதானண்ணே?"

பள்ளிவாசல் வாசலில் ஆட்டோக்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இஃப்திகார் ஒரு ஓரமாக ஒதுங்கினான்.

"சொல்லிட்டேன்."

அவள் அழுகை நின்றது. பிறகு போனை வைத்துவிட்டாள்.

வாத்தியார் தன் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டான் என்றால், எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டான் என்று அர்த்தம். இல்லாவிட்டால் பயந்து ஓடிவிட்டான் என்று அர்த்தம். எது என்று யாருக்குத் தெரியும்? நடந்தே வீட்டுக்கு வந்தான். வெயிலில் பீங்கான் கம்பெனிச் சூளையின் அனல் தெருவரைக்கும் அடித்தது. அவனுக்குக் குளிர்ந்தது.

நந்தகுமார் கூப்பிட்டபோது வெயில் சாய்ந்துவிட்டது, கரண்டு இன்னும் வரவில்லை. ஆரிஃபா உமைராவை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இஃப்திகார், டிஸ்க்க கழட்டி வேற மிஷின்ல மாட்டிப் பாத்துட்டோம். அந்த ஆளு உள்ள வந்திருக்கான். சும்மா வந்து போகல, ஒரு பகல் முழுக்க இருந்திருக்கான். என்ன எடுத்தான், எடுத்தானா இல்லையா, கண்டுபுடிக்க முடியல. போறப்ப தடத்த அழிச்சிருக்கான்."

"சரிங்க சார்."

"முதலாளி உங்கள இன்னியோட நிறுத்தச் சொன்னாரு."

ஆரிஃபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அவருகிட்ட சொன்னேன், இஃப்திகாரா கூப்ட்டு சொல்லலன்னா இன்னும் எத்தன நாளு அவன் உள்ள இருந்திருப்பானோன்னு. அதுக்காக உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. சாவி வேல இனிமே உங்களுக்குக் கெடையாது. இந்தக் கம்பெனியில ஒரு பூட்டக்கூட நீங்க தொடக் கூடாது. உங்க மாப்ள மேல புகார் குடுக்கறதா வேணாமான்னு வக்கீல கேட்டுட்டுதான் சொல்லுவோம், அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. வேற ஒரு வேல இருக்குது. வேணும்னா பாருங்க. சம்பளம் கொறையும்."

"என்ன வேல சார்?"

"லேப்புக்காரங்களுக்குப் போன் பண்ணணும். நடந்தத சொல்லணும். அவங்க பேஷண்டுங்க விவரம் வெளிய போயிருக்கலாம்னு சொல்லணும். கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். இன்னிக்கி மட்டும் இல்ல, இது ஓயறவரைக்கும். இங்க ஒருத்தனும் இந்த வேலைய எடுத்துக்க மாட்டேங்கறான்."

இஃப்திகார் ஆரிஃபாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, அவன் கையில் இருந்த போனைத்தான் பார்த்தாள்.

"செய்யறேன் சார்."

"வூட்லேருந்தே செய்யலாம்" என்றார் நந்தகுமார். கிண்டலா நிஜமா என்று குரலில் தெரியவில்லை.

பெண்ணாடத்து லேப்பிலிருந்து தொடங்கினான். அந்த லேப்பை நடத்துகிற அமுதவள்ளியிடம் அவன் பலமுறை பேசியிருக்கிறான். சர்க்கரை ஆலைக்காரர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள்.

"அய்யோ சாரு, நீங்களா!" என்று எடுத்தாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. "காலைலேருந்து இங்க என்னைய அடிக்காத குறை. ஒரு பொம்பள புள்ளைய தூக்கிட்டு வந்து மூணு பஸ்ஸு வுட்டுட்டு உக்காந்திருக்குது. எப்ப வரும் சாரு? சீக்கிரம் சரி பண்ணுங்க."

"வந்துரும்ங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்." "வேற ஒரு ஆளு மிஷினுக்குள்ள வந்துட்டான். உங்ககிட்ட வர்ற ஜனங்களோட ரிப்போர்ட்டு எல்லாம் அவன் பாத்திருக்கலாம்."

"எவன் பாத்தான்?"

"தெரியலங்க."

"எதையெல்லாம் பாத்தான்?"

"அதும் தெரியலங்க."

அமுதவள்ளி போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் இரைச்சல் திடீரென்று பெரிசாகக் கேட்டது. ஒரு குழந்தை இருமியது. யாரோ ஒரு ஆள், "என்னம்மா சொல்றாங்க, வந்துருச்சா?" என்று கேட்டார். மறுபடி அவள் குரல் வந்தபோது அது யாரோ மாதிரி இருந்தது.

"இந்த ஜனங்க மூஞ்சிய பாத்து நான் என்னான்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

"அம்மா, வேணாம்மா..."

போட்டுவிட்டாள். இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. பெண்ணாடத்தில் ஒரு அறை நிறைய ஜனம் அவன் பேசுவதற்காகக் காத்திருந்தது. இஃப்திகார் வாயைத் திறந்தான்.